எந்த ஊருக்கும் போகாத ரோடுகள்: பினாங்கில் ஓட இடம் தேடுவது பற்றி

பினாங்கில் ஓட நல்ல இடம் எது என்று யாரைக் கேட்டாலும் கர்னி டிரைவ் என்பார்கள். தப்பில்லை. முன்னால் கடல், அகலமான பாதை, இப்போது கடலை நிரப்பி கர்னி பே என்று பெரிய பூங்காவே வந்துவிட்டது, ஓடி முடித்த கையோடு பசியாற கடைக்கும் பஞ்சமில்லை. ஆனால் அங்கே ஓடினால் எனக்கு ஓடிய மாதிரியே இருக்காது. ஒரு காதில் அலை, இன்னொரு காதில் மோட்டார் சைக்கிள். கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போனால் சேற்று வாடை வேறு. ஜெலுத்தோங் பக்கம் இருக்கும் கர்ப்பால் சிங் டிரைவும் இதே ரகம்தான். புதிதாக ஓட ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டும் நல்லவை, தரை சமம், விளக்கு வெளிச்சம் உண்டு, எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். ஒரு மூன்று மாதம் அங்கேயே ஓடி மூச்சைப் பழக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் இந்தத் தீவில் இருப்பதற்கு அர்த்தமே இல்லை.

நான் இடம் தேடும்போது பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ரோடு இருக்க வேண்டும், ஆனால் அந்த ரோடு எந்த ஊருக்கும் போகக் கூடாது. கார்க்காரனுக்கு அந்தப் பக்கம் வேலையே இருக்கக் கூடாது. இந்தத் தீவில் அப்படிப்பட்ட ரோடுகள் நிறைய இருக்கின்றன, அதில் முக்கால்வாசி தண்ணீருக்காகப் போட்டவை. அணைக்கு ஏறும் ரோடு, நீர்த்தொட்டிக்குப் போகும் ரோடு, குழாய் ஓடும் வழி. மலையில் மழை பெய்கிறது, கீழே ஜார்ஜ் டவுனில் ஆள் இருக்கிறான், நடுவில் யாரோ ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் கதை. நமக்கென்று யாரும் போடவில்லை, ஆனால் நமக்குத்தான் லாபம்.

தேடுவதற்கு நான் செய்வது ரொம்ப சாதாரணம். கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, பச்சைக்கு நடுவே எங்கே நீலத் திட்டு இருக்கிறது, அதற்குப் போகிற மெல்லிய கோடு எது என்று பார்ப்பேன். அப்புறம் ஓட்டக்காரர்கள் ஓடிய தடத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தைத் திறந்து, அந்தக் கோட்டில் வேறு யாராவது ஓடியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். கோடு பளிச்சென்று இருந்தால் ஆள் நடமாட்டம் உண்டு. மங்கலாக இருந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு முதலில் நடந்து பார்ப்பேன். இதையெல்லாம் விடச் சிறந்த வழி, காலை எட்டு மணிக்கு மலையடிவாரக் கடையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டிருக்கும் சீன அங்கிள்களிடம் கேட்பது. இருபது முப்பது வருடமாக அதே மலையில் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள், எந்தப் பாலம் உடைந்தது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை சொல்வார்கள்.

இடத்துக்குப் போவதற்கு முன்னால் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். 1982 ஜனவரியில் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள், அதனால் பினாங்கில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எட்டிப் பார்க்கும், சில மாதங்களில் ஏழரைக்குப் பக்கத்தில்கூட. ஆறு மணிக்குக் கிளம்பினால் கும்மிருட்டு. கடலோரம் என்றால் பரவாயில்லை, மலைப் பாதைக்குத் தலைவிளக்கு இல்லாமல் போகவே கூடாது. சரி, எட்டரைக்குப் போகலாம் என்றால் வெயில் ஏறிவிடும், காற்றில் ஈரம் வேறு சேர்ந்து சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஆக நமக்குக் கிடைப்பது ஆறே முக்காலிலிருந்து எட்டே கால் வரை. மாலையில் ஏழு மணி வரை வெளிச்சம் இருப்பது ஒரு வசதி, ஆனால் இடி மழையும் அந்த நேரத்தில்தான் வரும். அணைக்கட்டு மாதிரி திறந்த வெளியில் வானம் கறுத்துவிட்டால் கணக்குப் பார்க்காமல் இறங்கிவிடுவது நல்லது. சுமத்ராவில் காடு எரியும் மாதங்களில், ஜூன் ஜூலை தாண்டினாலே அந்தப் பயம்தான், காற்றுத் தரக் குறியீடு நூறைத் தாண்டிய நாளில் வீட்டில் படி ஏறி இறங்கினால் போதும்.

இப்போது என் சொந்த இடத்துக்கு வருகிறேன். தண்ணீர்மலை. நம் ஆட்களுக்கு அது தைப்பூச ஊர், எனக்கு வாரம் முழுக்க. ஜாலான் கெபுன் பூங்கா ரோட்டில் நாட்டுக்கோட்டை செட்டியார் கோவிலைத் தாண்டி, 513 படிகளோடு மேலே நிற்கும் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோவிலைத் தாண்டி நேராகப் போனால் ரோடு தாவரவியல் பூங்காவில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் மலைதான். நான் சொன்னேன் அல்லவா, எங்கும் போகாத ரோடு. பூங்கா 1884-இல் ஆரம்பித்தது, அதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவர் முதல் கண்காணிப்பாளராக வந்து கல்குவாரியைத் தோட்டமாக்கினார். பின்பக்கம் விழும் அருவியிலிருந்துதான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செங்கல் வாய்க்கால் கட்டி நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோனார்கள், துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் இந்தத் தண்ணீரைத்தான் நிரப்பிக்கொண்டு போயின.

பூங்காவுக்குள் ஓடுவது சுகம். வளைந்து வளைந்து போகும் ரோடு, ஓரத்தில் ஓடை, சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். அருவி நீரும் மர நிழலும் சேர்ந்து, வாசலைத் தாண்டியதுமே குளிர்ச்சி முகத்தில் படும். நாகலிங்க மரங்கள் இருக்கின்றன, நம் ஊர்க் கோவில்களில் பார்ப்பதுதான், ஆனால் பூர்வீகம் தென் அமெரிக்கா. பூ கிளையில் பூக்காது, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும் கொடியில் பூக்கும். காலையில் ரோட்டில் அந்தத் தடித்த சிவந்த இதழ்கள் கொட்டிக் கிடக்கும்போது வாசனை தூக்கும். காய் பீரங்கிக் குண்டு அளவு, தலையில் விழுந்தால் வாசனையெல்லாம் மறந்துவிடும், அதனால் மரத்தடியில் நின்று கால் நீட்டிப் பயிற்சி செய்யாதீர்கள். 

குரங்கைப் பற்றி எழுதாமல் இந்தப் பூங்காவைப் பற்றி எழுத முடியாது. நீண்ட வால் குரங்குகள் பிளாஸ்டிக் பை சத்தத்தை ஐம்பதடி தள்ளியிருந்தே கேட்டுவிடும். கையில் பை இருந்தால் அது சாப்பாடு என்பது அவற்றின் முடிவு, உள்ளே ஈரத் துண்டுதான் இருக்கிறது என்று நாம் விளக்கம் சொல்ல முடியாது. தண்ணீர் பாட்டிலையும் இடுப்புப் பட்டையில் வையுங்கள். கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. கறுப்பு உடம்பும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுமாக உயரத்தில் உட்கார்ந்திருக்கும் இலைக் குரங்கு வேறு ஜாதி, பரம சாது, இறங்கி வந்து யாரையும் தொந்தரவு செய்யாது.

பூங்கா வாசலுக்கு இடப்பக்கமாகவே ஜீப் பாதை ஆரம்பிக்கிறது. பினாங்கு மலை உச்சி வரை சுமார் 5 கிலோமீட்டர் தார் ரோடு. மேலே குடியிருப்பவர்களின் வண்டிகளும் வேலை வண்டிகளும் மட்டும் எப்போதாவது வரும், பொதுமக்கள் கார் கிடையாது. கேட்க அழகாக இருக்கிறதல்லவா? ஏறிப் பாருங்கள். 100 மீட்டர் போனால் 13, 14 மீட்டர் உயர்ந்திருப்போம், அதுவும் சராசரிதான், சில வளைவுகளில் குதிகால் தரையில் படாது. முழுக்க ஓடி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு முன்னால் அப்படி ஒரு தம்பி போனால் நான் மரத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்வேன். நான் ஓட்டமும் நடையும்தான். அனுபவசாலிகள் நேராக ஏற மாட்டார்கள், ரோட்டின் அகலத்துக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் என்று குறுக்கே குறுக்கே போவார்கள், கெண்டைக்கால் பிழைக்கும். மழை பெய்த மறுநாள் ஓரங்களில் பாசி வழுக்கும். அதனால் நடு ரோட்டிலேயே கால் வையுங்கள்.

பாதி வழியில் எண்பத்து நான்கு என்று ஓர் இடம் உண்டு, மூன் கேட் என்ற வட்ட வாசலிலிருந்து காட்டுப் படிக்கட்டு வழியாக ஏறி வருகிறவர்களும் அங்கேதான் ஜீப் பாதையில் வந்து சேருவார்கள். உட்கார இடம், குடிக்கச் சூடான தேநீர், எல்லாம் மலையேறுகிறவர்களே பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. முதல் முறை போகிறவர்கள் அதோடு திரும்பினால் போதும். மேலே போனால் உச்சியில் அருள் ஒளி திருமுருகன் கோவில் இருக்கிறது, கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி குளிர்ச்சி, கும்பிட்டுவிட்டு நகரத்தையும் கடலையும் பார்க்கலாம். இறங்கும்போது ஓடாதீர்கள். முழங்காலுக்கும் கால் பெருவிரல் நகத்துக்கும் கேடு. ரயிலில் இறங்கலாம், 1923-இலிருந்து ஓடுகிற ரயில் அது, பெட்டிகளும் தண்டவாளமும்தான் புதுசு. ஆனால் ஒரு விஷயம்: ரயில் இறங்குவது ஆயர் ஈத்தாம் பக்கம். நம் காரோ பூங்கா வாசலில் நிற்கும். ஈரச் சட்டையோடு கிராப் வாடகைக் கார் பிடித்து மலையைச் சுற்றி வர வேண்டும், இருக்கையில் ஓட்டுநர் துண்டு விரித்துக்கொள்ளச் சொல்வார், மரியாதையாக நாமே ஒன்று எடுத்துப் போய்விடலாம்.

2017 நவம்பர் புயல் மழையில் இந்த மலையில் ஏகப்பட்ட இடங்களில் மண் சரிந்தது. அதற்கப்புறம் கன மழைக்கு மறுநாள் மலைப்பாதை எதிலும் நான் கால் வைப்பதில்லை. 2021-இல் யுனெஸ்கோ இந்த மலையையும் பூங்காவையும் தேசியப் பூங்காவையும் சேர்த்து உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தது நல்ல செய்திதான், ஆனால் பட்டம் கொடுத்தால் மண் கெட்டியாகிவிடாது. 

காட்டுப் பாதைகளில் தரையில் நறுக்கிய காகிதத் துண்டுகள் கிடப்பதைப் பார்த்து யாரோ குப்பை போட்டிருக்கிறார்கள் என்று திட்ட வேண்டாம். அது ஹாஷ் கூட்டத்தின் வேலை. 1938-இல் கோலாலம்பூரில் ஆரம்பித்தது, இன்று உலகம் முழுக்க இருக்கிறது: ஒருவர் முன்னால் போய்க் காகிதத்தைப் போட்டு வழி வைப்பார், கூட்டம் அதைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடும், நடுவில் வேண்டுமென்றே பொய் வழியும் இருக்கும். பினாங்கில் பல குழுக்கள் வாரா வாரம் ஓடுகின்றன. புதிய தடம் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஓடி முடித்ததும் பீர் பெட்டி திறப்பார்கள் என்பதால் நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. எனக்கும் இருந்தது. ஹண்ட்ரட் பிளஸ் குளிர்பானம் குடித்துவிட்டு வந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் காகிதத்தை மட்டும் நம்பித் தனியாகப் போகாதீர்கள், பொய் வழி எது என்பது போட்டவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது ஆயர் ஈத்தாம் அணை. 1962-இல் கட்டியது. கெக் லோக் சி கோவிலைத் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளோடு மேலே போகும் ரோடு, ஏறுவதே பெரிய பயிற்சி. நான் பெரும்பாலும் மேலே வரை காரில் போய், ஏரியைச் சுற்றிச் சின்ன வட்டமாகப் பல தடவை ஓடுவேன். அலுக்காது. ஒரு பக்கம் கரை, மறுபக்கம் காடு நீருக்குள் இறங்கி நிற்கும், காலையில் மலை முழுக்கத் தலைகீழாகத் தண்ணீரில் தெரியும். தாய்ச்சி செய்யும் கூட்டம், பேரனைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போகும் ஆயா, எல்லாரும் காலை வணக்கம் சொல்வார்கள். மூன்றாவது தடவை சுற்றி வரும்போது ஓர் அக்கா, ‘இன்னுமா ஓடுற, போய் பசியாறும்மா’ என்று அக்கறையாகவே சொல்வார். கீழே ஆயர் ஈத்தாம் பாசாரில் இறங்கினால் அதற்கும் வழி உண்டு.

தெலுக் பஹாங் அணை 1999-இல் வந்தது, டிராகன் படகுப் போட்டி நடக்கும் இடம். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் அந்த ரோடு தித்தி கெராவாங் வழியாக பாலிக் பூலாவுக்குப் போகிறது, வண்டி உண்டு. என் கணக்குப்படி தோல்வி. சைக்கிள்காரர்களுக்கு விட்டுவிட்டேன். பக்கத்தில் பினாங்கு தேசியப் பூங்கா, 2003-இல் அறிவித்தது. வாசலில் பதிவு செய்து கட்டணம் கட்டி உள்ளே போனால் கெராச்சூட் கடற்கரைக்கு ஒரு வழி, குரங்குக் கடற்கரை வழியாக 1883-இல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு இன்னொரு வழி. பார்க்க எதுவும் ஈடில்லை, ஆமைக்குஞ்சு காப்பகம்கூட உண்டு. ஆனால் பாதை முழுக்க வேர். ஓட்டக்காரர்களுக்கு என்று சொல்லிக் கூட்டிப்போய்க் கணுக்கால் சுளுக்கினால் என்னைத் திட்டுவீர்கள், அதனால் நடந்து போகிற இடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும், காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிட வேண்டும்.

பெண்கள் கேட்கிற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். தனியாகப் போகலாமா? தாவரவியல் பூங்காவுக்கும் ஆயர் ஈத்தாம் அணைக்கும் ஏழு மணிக்கு மேல் தாராளமாகப் போகலாம், வாரத்தில் எந்த நாளும் கூட்டம் இருக்கும். ஜீப் பாதைக்கு சனி ஞாயிறு மட்டும். மற்ற காட்டு வழிகளுக்குத் துணை வேண்டும். இதில் வீரம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு அழகைவிட முக்கியம், அந்த நேரத்தில் அங்கே வேறு யார் இருப்பார்கள் என்பது. ஆயா பேரனோடு வருகிற இடம் என்றால் நானும் வருவேன். தெருநாய்க்கு ஓடுகிற காலைப் பார்த்தால்தான் துரத்தத் தோன்றும், நின்று நடக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

மலை வேண்டாம், சமதரை வேண்டும், ஆனால் கர்னியும் வேண்டாம் என்றால் தீவின் மறுபக்கம் பாலிக் பூலாவ் போங்கள். சுங்கை பூரோங் பக்கம் வயல், வயலுக்கு நடுவே கம்போங் ரோடு, கொக்கு. நிழல் மட்டும் இல்லை, அதனால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்ப வேண்டும். வயல் ரோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மே கடைசியிலிருந்து ஜூலை வரை டுரியான் தோட்டத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். மரத்தடியில் வலை கட்டி, காவலுக்கு நாய் விட்டிருப்பார்கள், ஒரு பழத்தின் விலை தெரிந்தால் ஏன் என்று புரியும். வெளியே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஓடி எரித்ததெல்லாம் ஒரே பழத்தில் திரும்பி வந்துவிடும், பரவாயில்லை.

குவீன்ஸ்பே கடலோரத்தைச் சொல்லாவிட்டால் பாயான் லெப்பாஸ் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜெரெஜாக் தீவு எதிரே, முதல் பாலம் ஒரு பக்கம். 1985-இல் திறந்த அந்தப் பாலத்தில் கால்நடையாகப் போக வழியே கிடையாது, பாலம் மாரத்தான் நடக்கும் இரவைத் தவிர. ஆம், இரவுதான், நள்ளிரவு தாண்டிக் கிளப்பிவிடுவார்கள், வெயிலுக்குப் பயந்து. வண்டிகள் சீறிப் பறக்கும் அந்தப் பாலம் அன்றைக்கு ஒரு நாள் நம்முடையது, இருட்டில் கீழே கடல், இரண்டு பக்கமும் விளக்கு. வருடத்துக்கு ஒரு முறை என்பதால் இதைத் தேடிப் போகிற இடங்களின் கணக்கில் சேர்க்கவில்லை.

பெருநிலப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தீவைப் பார்த்துப் பொறாமை வேண்டாம். மாநிலத்திலேயே பெரிய அணை உங்களிடம்தான் இருக்கிறது, மெங்குவாங். விரிவாக்கத்துக்காகப் பல வருடம் மூடியிருந்தது, இப்போது காலையில் போனால் பாதி புக்கிட் மெர்தாஜாம் அங்கேதான் ஓடுகிறது. செரோக் தொக்குன் மலைக்கும் தார் ரோடு உண்டு, பெரிய மரங்களுக்கு அடியில் நிழலோடு ஏறும். இறங்கி வந்ததும் பக்கத்தில் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் ஒரு பாறை இருக்கிறது, அதில் பழைய இந்திய எழுத்தில் கல்வெட்டு, ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்டது. வியர்வை காயும் வரை அங்கே நின்று படிக்க முயற்சி செய்யலாம், எழுத்து தேய்ந்துவிட்டது, ஒன்றும் பிடிபடாது.

நிபோங் தெபால் பக்கம் இருப்பவர்கள் எஸ்டேட் ரோடுகளை விட்டுவிடாதீர்கள். நம் தாத்தா பாட்டி வேலைக்கு நடந்த செம்மண் ரோடு, இப்போது ரப்பர் போய் எண்ணெய்ப்பனை, ஆனால் கட்டம் கட்டமாகப் போகிற அந்த அமைப்பு மாறவில்லை. வழி தவறினாலும் கடைசியில் ஒரு பெரிய ரோட்டில்தான் வந்து முட்டும். எலிக்காக ஆந்தை வளர்ப்பார்கள், கம்பத்தின் மேல் பலகைப் பெட்டி தெரியும். எலி இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும், அதனால் புல் ஓரத்தில் ஓடாமல் டிராக்டர் சக்கரம் பதிந்த தடத்திலேயே ஓடுங்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் வாசலில் ஜாகாவிடம் (காவலாளியிடம்) சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தமிழர் என்றால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஐந்து நிமிடம் விசாரிப்பார். அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்து நேரத்தோடு கிளம்புங்கள், எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் வாயெல்லாம் புழுதிதான்.